சுவருக்கு அப்பால் முதலில் விழும் கோல்

ரொசாரியோ, திங்கட்கிழமை

என் கண்ணு நெலிதா,

உன் மாமா நானும் என் அக்கா, அதாவது உன் அம்மாவும், இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்கு இன்னும் மாதச் சந்தா கேட்க ஆரம்பிக்கவில்லை. ஒஸ்லோ குளிரில் நீயும் சுகமாக, இரண்டு ஜோடி காலுறையோடு இருப்பாய் என்று நம்புகிறேன். கால்பந்து காட்டும் உரிமையை யாரோ பெரிய மனிதர்கள் ஏலம் எடுத்தார்களாம், ஆண்டீஸ் மலையை வாங்கி வெள்ளையடிக்கிற அளவுக்குக் கொட்டிக் கொடுத்தார்களாம், அந்தப் பாரம் நேராக என் தலையில் இறங்கிவிட்டது. கேபிள்காரன் முதலில் பொதுச் சந்தாவை ஏற்றினான், பிறகு கால்பந்தைத் தனி பேக்கேஜாகப் பிரித்து அதற்கும் வேறு விலை வைத்தான். அழுகைத் தொடர் மட்டும் பார்க்கிற நான் ஏன் கோல்கீப்பருக்குச் சம்பளம் கொடுக்கணும் என்கிறாள் உன் அம்மா. நியாயந்தான், நான் ஒப்புக்கொண்டதாக அவளிடம் சொல்லிவிடாதே.

அடுத்த வீட்டுக் காசிமிரோ, நீ சைக்கிள் பழகியபோது பின்னாலேயே ஓடினவன், அவனும் நானும் அந்த பேக்கேஜைப் பாதிப் பாதி போட்டு வாங்கி ஞாயிறுதோறும் நம் வீட்டில் பார்ப்போம். விலை மறுபடி ஏறியதும் ஆளைக் காணோம். கேட்டால் கால்பந்து சலித்துவிட்டதாம். பரானா ஆறு மலையேறுகிறது என்று சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பேன். போதாக்குறைக்கு, என் டிவியில் நம் ஆள் உதைக்கக் காலையே தூக்கியிருக்க மாட்டான், சுவருக்கு அப்பால் இவன் கோல் என்று கத்துகிறான். வாராவாரம் இதே கதை. பயல் என் கம்பியில் கொக்கி போட்டு, பாலாடையைத் தான் வழித்துக்கொண்டு ஆறிய பாலை எனக்கு அனுப்புகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேற்று ஆட்டத்தின் நடுவில் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் கத்தினான். ஏணி போட்டு, ஒரு கோட்டையையே பிடிக்கப்போகிற தளபதி மாதிரி சுவர் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான், மடியில் ரேடியோ. அந்தச் சத்தம் நம் டிவிப் படத்தை முந்திக்கொண்டு வந்துவிடும் என்பது இந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் திரும்பிப் பார்த்தான். "பாதிப் பங்கு குடுக்க முடியல, எவாரிஸ்தோ. சும்மா வந்து உக்கார மனசு வரல."

காசு வேண்டாம் வா என்றால் வருகிற ஆளா அவன்? இன்று காலை கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டு, கால்பந்து பேக்கேஜை மட்டும் நிறுத்தச் சொன்னேன். உடனே பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள். இத்தனை நாள் அந்தப் பாதி எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டேன், போன் கட்டாகிவிட்டது. நீயும் பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, அவர்கள் உன்னையும் வளைத்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுவேன்.

நேரே காசிமிரோவிடம் போய், என் டிவி செத்துவிட்டது, ஞாயிறு ரேடியோ கேட்க வரட்டுமா என்றேன். அந்த நேரம் பார்த்து நம் வீட்டிலிருந்து தொடரின் ஒப்பாரி தெருவே கேட்கிற மாதிரி வருகிறது. அவன் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். "டீ போட மாத்தே இலை நீ கொண்டு வா. வெந்நீர் என்னுது," என்றான்.

நீ நோயில்லாமல் நூறாண்டு இரு. அம்மாவுக்குப் போன் போட மறக்காதே, தொடர் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த மாமா,
எவாரிஸ்தோ