முடியில்லாத கன்னத்துக்குச் சவரம்

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மருமகள் எழுதுகிறாள்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்தில் தாடி மீசையெல்லாம் கொட்டிப்போனது. ஆயுள் முழுக்க அடுத்தவன் தாடையை வழித்த கை சும்மா இருக்குமா? காலையில் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்து வெறும் கன்னத்தில் இழுத்துவிட்டேன். சின்னக் கீறல்தான். துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை.

“முடியே இல்லாத மூஞ்சிக்கு எதுக்கு தாத்தா சவரம்?” என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிரித்தாள்.

“கஸ்டமர் வந்து உக்காந்துட்டாரேம்மா, எழுப்பி அனுப்ப முடியுமா?” என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இனி என் உடம்பு தாங்காது என்று மருந்தையே நிறுத்திவிட்டார்.

“உடம்பு சரியானதும் வந்து கூட்டிட்டுப் போறேம்பா” என்று போனில் சொன்னாயே. கூட்டிப்போக வேண்டாம், கண்ணு. வந்து பார்த்துவிட்டு மட்டும் போ.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்