நான்கு டிகிரி மேலே

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு தடவை. பதினோரு தடவையும் குண்டுவால் ஒல்லியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பதடி நீளத் தொட்டி. ஒன்றரை அடி ஆழத்தில் எதிரெதிரே மிதக்கும் இரண்டு ரோபோக்கள். ஒன்றின் விளக்கு மற்றதன் கண்ணில் விழ வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் இரண்டும் பேசிக்கொள்ளும், விலகினால் ஊமை. எவ்வளவு அசைந்தாலும் ஒன்றையொன்று விடாமல் பார்க்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகின்றன இரண்டும். பலன் இல்லை.

சாயங்காலம் வெறுத்துப்போய் இரண்டின் கண்களையும் நான்கு டிகிரி மேலே தூக்கி வைத்தேன். சும்மாதான். வெளிச்சம் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. குண்டு ஆடினாலும் விடவில்லை, ஒல்லி நகர்ந்தாலும் விடவில்லை.

ஏன் நான்கு? தெரியாது. வேலை செய்கிறது. கேட்கப்போவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. தலைவர் அறையை விட்டு வெளியே வந்து என் மேசையருகில் நின்றார். இந்த மூன்று வருடத்தில் அவர் என்னிடம் நடந்து வந்தது இதுவே முதல் தடவை. இன்றே அறிக்கை போகிறது. கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அத்தான் பிடுங்கிப் பேசினார். "விஞ்ஞானி, அப்ப எனக்குத் துணைக்கு ஆள் ரெடியா? உன் ஒல்லி வாயாடுமா, இல்ல உங்கக்கா மாதிரி முறைக்க மட்டும் செய்யுமா?" பின்னால் அக்கா திட்டுவது கேட்டது.

அத்தான் முக்குளிப்பவர். அணையிலிருந்து தண்ணீர் இழுக்கும் சுரங்கக் குழாய்க்குள் போய் விரிசல் பார்ப்பது அவர் வேலை. இதுவரை குழாயின் வளைவில் இரண்டாவது ஆள் ஒருவர் நின்று இவரைக் கவனித்துக்கொண்டிருப்பார். இனி அந்த ஆள் கிடையாது. வளைவில் குண்டு நிற்கும், அத்தான் கூடவே ஒல்லி போகும். அவருக்கு எவ்வளவு காற்று மிச்சம், என்ன சொல்கிறார், எல்லாம் வெளிச்சமாகக் குண்டுவுக்கு வந்து, அங்கிருந்து கம்பி வழியே மேலே தெரியும். நம்ம வேலை நம்ம வீட்டு மனுஷனுக்கு உதவுகிறது என்றால் சந்தோஷம் வராதா?

மார்ச் 19, வியாழன்

துறைமுகத்தில் முதல் சோதனை. பூஜ்யம்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடியும் பூஜ்யம். பதினைந்தடி ஆழம், தண்ணீர் ஓரளவு தெளிவுதான். ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. தலைவர் சேற்றைக் குறை சொல்கிறார். சேறு இருந்தால் மங்கலாகவாவது தெரிய வேண்டுமே, இப்படியா அடியோடு இருட்டாக இருக்கும்? படகிலிருந்து இறங்கும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன். எங்கே?

மார்ச் 29, ஞாயிறு

வீட்டிலேயே கிடந்தேன். தலை வாரவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

தொட்டி அறையில் கூரைக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு விழக் கூடாதென்று, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிக்காரர் தண்ணீர் மேல் தார்ப்பாயை விரித்து மிதக்க விட்டிருக்கிறார். நான் கவனிக்காமல் சோதனையை ஆரம்பித்தேன். பூஜ்யம். துறைமுகத்தில் வந்த அதே பூஜ்யம்.

அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், "ஏம்மா, நான் மேலதானே விரிச்சிருக்கேன். உங்க ஆளுங்க ரெண்டும் கீழல்ல இருக்கு? நேராப் பார்க்கறவனுக்குக் கூரையில என்ன வேலை?" என்றார்.

தார்ப்பாயைச் சுருட்டச் சொன்னேன். வெளிச்சம் வந்தது. விரிக்கச் சொன்னேன். போயிற்று. ஆறு தடவை சுருட்டி விரித்தார், ஒரு வார்த்தை கேட்காமல்.

ஏப்ரல் 8, புதன்

இந்த நோட்டைப் புரட்டி மார்ச் 3-ஐப் படித்தேன். என் கையெழுத்துதான். 'கேட்கப்போவதில்லை.'

விளக்கைத் தாங்கும் தகடு இரண்டிலும் லேசாக மேல்நோக்கிக் கோணியிருக்கிறது. ஒரே அச்சில் செய்தவை, ஒரே கோணல். வெளிச்சம் மேலே போய், நீர்ப்பரப்பின் அடியில் பட்டு, கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிக் கீழே இறங்கியிருக்கிறது. நான் கண்களை மேலே தூக்கி வைத்ததும் அந்தப் பிம்பத்தைத்தான் பார்த்தன. ஒன்றையொன்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

சரி, தகட்டை நிமிர்த்தினால் தீர்ந்தது என்று நினைத்தேன். நிமிர்த்தினேன். கண்ணை நேராக வைத்தேன். நின்ற இடத்தில் நின்றால் பிடிக்கிறது. ஒல்லி நகர்ந்தவுடன் பதினான்கு நொடி. பிறகு இருட்டு. நீர்ப்பரப்பின் லேசான நெளிவுதான் வெளிச்சத்தை அகலமாகப் பரப்பி இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. என் நிரல் எதையும் பின்தொடரவே இல்லை. மூன்று வருட வேலை. பதினான்கு நொடி.

ஏப்ரல் 9, வியாழன்

தலைவரிடம் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கதவைச் சாத்தினார். "பதினாறாம் தேதி அணைக்காரங்க பார்வையிட வர்றாங்க. இங்க தொட்டியிலதான் காட்டப்போறோம். தகட்டைப் பழையபடி வைம்மா. முதல்ல இது தாண்டட்டும், அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்."

"சுரங்கத்துக்குள்ள ஆள் போவாங்களே சார்?"

"அதுக்குள்ள நீ சரி பண்ணிடுவ."

அதற்குள் பண்ணிவிடுவேன் என்று நானும் நம்பினேனா? இல்லை. நம்பியதாகத் தலையாட்டினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

தார்ப்பாய் இல்லை. மின்விசிறிகளை நிறுத்திவிட்டோம், தண்ணீர் ரொம்ப அசையக் கூடாதென்று. பொத்தானை அமுக்கியது நான். தொண்ணூற்று ஆறு.

கைதட்டினார்கள். அத்தானையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. என் தட்டில் அவளே பார்த்துப் பார்த்துப் போட்டாள். சாப்பிட்டேன். எப்படித்தான் இறங்கியதோ.

ஏப்ரல் 17, வெள்ளி

தொட்டிக்காரர் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மே 12 அன்று சுரங்கத்தில் இறங்குகிறார்கள். இரண்டாவது ஆளை இன்றே வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம்.

இன்றைய கணக்கு, நொடியில்: பதினொன்று. பதினாறு. பதினான்கு. ஒன்பது. குழாய்க்குள் நீரோட்டம் வேறு இழுக்கும். அங்கே அவர் கை சிக்கினால், காற்று குறைந்தால் - மேலே ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் இங்க உக்காந்து எழுதிட்டிருக்கேனே. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 26, ஞாயிறு

போனேன். அக்கா வீட்டு வாசலில் அத்தான் தன் ரப்பர் உடுப்பைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். "வா விஞ்ஞானி, ஒல்லிக்கும் இந்த மாதிரி ஒண்ணு தைக்கலாமா?" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தார்ப்பாய், தகடு, பதினான்கு நொடி.

தண்ணீர்க் குழாயை மூடினார். ரொம்ப நேரம் உடுப்பைப் பிழிந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பத்தொன்பது நாள்."

"அப்ப பதினாறாம் தேதி தெரியும்."

"தெரியும் அத்தான்."

"நான் கை தட்டினேனே," என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா உள்ளிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "அன்னிக்கு வந்து என் கையால சாப்பிட்டியேடி," என்றாள். "இப்ப இவர் முடியாதுன்னு சொன்னா இந்த ஜென்மத்துல மறுபடியும் கூப்பிடுவாங்களா? சரின்னு போனா நான் என்ன செய்வேன்? ரெண்டு பக்கமும் என் தலையிலதானே கல்லு."

வெளியே வந்து நடந்தேன். பேருந்து நிறுத்தம் தாண்டியும் நடந்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

எல்லாவற்றையும் எழுதி அன்று பார்வையிட வந்தவர்களுக்கு அனுப்பினேன். தலைவருக்கும் ஒரு நகல். பூசி மெழுகவில்லை. மார்ச் 3-ஐயும் அப்படியே சேர்த்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

நாளையிலிருந்து வர வேண்டாமாம். நான்தான் தகட்டில் கைவைத்துக் குழப்பிவிட்டதாக அலுவலகத்தில் பேச்சு. பார்வையிட வந்தவர்களிடமிருந்து 'கிடைத்தது' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மேசையைக் காலி செய்தேன். ஒரு பைகூட நிறையவில்லை.

மே 2, சனி

அத்தான் முடியாதென்று சொல்லிவிட்டார். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இதைக்கூட அக்கா சொல்லவில்லை, தொட்டிக்காரர்தான் போனில் சொன்னார். அவர் என்னோடு பேசியதற்காகவே கொஞ்சம் அழுதேன்.

மே 6, புதன்

அக்கா போனை எடுக்கவில்லை. பத்தாவது நாள்.

மே 9, சனி

சொல்லாமல் இருந்திருந்தால் குற்றவாளி. சொல்லியும் குற்றவாளிதான். அத்தானுக்கு நாற்பத்தாறு வயது, தண்ணீரைத் தவிர வேறு வேலை தெரியாது. நான் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் இரண்டுமே வந்திருக்காது. ஏன் நான்கு என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ஒரு சாயங்கால வேலைதானே. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

மே 12, செவ்வாய்

அத்தான் இடத்துக்கு வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளே இல்லாமல் குண்டுவையும் ஒல்லியையும் மட்டும் இறக்கினார்கள். மத்தியானம் தொட்டிக்காரர் கூப்பிட்டார்.

"வளைவு வரைக்கும் நல்லாத்தாம்மா போச்சு. குண்டு நின்னுச்சு, ஒல்லி உள்ள போச்சு. நான் கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். பதிமூணு நொடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இருட்டுதான். காலையில போனது, இன்னும் வரல. உள்ள எங்கயோ சிக்கிருக்கு. போய் எடுக்க ஆளில்ல. ஒல்லி பக்கத்துல ஒரு மனுஷன் போற இடம் அது," என்றார்.

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயித்த மாதிரி இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த பத்தொன்பது நாளை முப்பத்தைந்தாக ஆக்கியிருந்தால் இன்று இந்த நேரம் - வேண்டாம், எழுத வேண்டாம்.

மூன்று மணிக்கு மறுபடியும் போன். அக்கா. பதினாறு நாளுக்குப் பிறகு. அவளுக்கும் விஷயம் போயிருக்கிறது, குரலிலேயே தெரிந்தது. நான் 'அக்கா' என்றேன். மூச்சு மட்டும் கேட்டது.

"தூங்கறார்டி," என்றாள் கடைசியில். "சாப்பிட்டுட்டு அப்படியே கட்டில்ல சாய்ஞ்சுட்டார். இன்னும் அவர்கிட்ட சொல்லல."

நடக்கிற சத்தம் கேட்டது. போனை அவர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். நல்ல குறட்டை. நடுவில் ஒரு முறை நின்று, மறுபடியும் தொடர்ந்தது. நான் போனை வைக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.