ஒழுகாத வீடு

மே 18, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. செய்தவை: கோழிக்கூட்டுக்குத் தகரத் துண்டு, குடைக்கம்பி, மகள் கவிதாவின் கிளினிக் அட்டையைத் தேடியது (அரிசி டின்னுக்குள் கிடந்தது. யார் வைத்தது என்று கேட்கக் கூடாதாம்).

பத்து மணிக்குச் செல்வராணி மகஜரோடு வந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பரா. புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாள். லயத்துக் கூரையை முழுசாக மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்துத் துரைக்கு எழுதியிருக்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை, அதனால் ஆறு கையெழுத்தும் வேண்டும் என்றாராம் துரை. ஐந்து இருக்கிறது.

"நீங்க மட்டுந்தாண்ணே பாக்கி."

"என் வீடு ஒழுகலையே."

"எனக்கு ஒழுகுதே."

வைக்கவில்லை. கூரையைப் பிரித்தால் மாசக்கணக்கில் எங்கே போவது? கவிதாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், பிள்ளையோடு இங்கேதான் வரப்போகிறாள். பச்சைப்பிள்ளையைத் தார்ப்பாய்க்குக் கீழே போடவா? செல்வராணி மகஜரை மடித்துக்கொண்டு போனாள். என் மனைவி பாக்கியம் பார்த்த பார்வை சரியில்லை.

மே 19, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. கூரை மேல் ஏறினேன். யார் படிக்கப் போகிறார்கள், சொல்லியே விடுகிறேன்: இந்த லயத்தில் என் தகரம் மாதிரி எவனுக்கும் இல்லை. ஆணி ஓட்டை ஒவ்வொன்றுக்கும் சாக்குத்துணியை ரப்பர் பாலில் ஊறவைத்து ஒட்டினேன். அதன் மேல் இன்னொன்று. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. உள்ளே நின்று அண்ணாந்தால் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. செல்வராணி வீட்டில் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கலாம்.

இறங்கும்போது அவள் வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பக்கத்துச் சொவரோரமாத்தாண்ணே தண்ணி வருது."

"என் பக்கம் காஞ்சு கெடக்கு. அங்கருந்து எப்படி வரும்?"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

மே 21, வியாழன்

நேற்று கவிதாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பாக்கியம் கூட இருக்கிறாள். மருமகன் எஹலியகொடயிலிருந்து மணிக்கொரு தடவை போன். கொண்டுபோக வேண்டியவை: பழைய வேட்டி 2, சுடுதண்ணிப் போத்தல், பாக்கியத்தின் கண்ணாடி.

இன்று தொட்டில் கட்டும் வேலை. நடுக் காம்பரா விட்டத்தில் கயிறு, அதில் பாக்கியத்தின் பழைய சேலை. கவிதாவே அந்த விட்டத்தில் ஆடித் தூங்கியவள்தான். பிள்ளையைப் போடுமுன் பாரம் போட்டுப் பார்ப்பது வழக்கம். பத்துக் கிலோ அரிசிப் பையைப் போட்டு ஆட்டினேன். மூன்றாவது ஆட்டில் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, பாண் ரொட்டியைப் பிய்த்த மாதிரி. கயிறு மரத்துக்குள் இறங்கிவிட்டது. பை தரையில், அரிசி காம்பரா முழுக்க.

ஏணி வைத்து ஏறி விட்டத்தில் விரலை வைத்தேன். முழு விரலும் உள்ளே போயிற்று. ஈரம்.

உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கினேன். பிள்ளையைப் போட்டிருந்தால்?

மே 22, வெள்ளி

பாஸ் வந்தார். கீழ்க் கிராமத்துத் தச்சர், சிங்களவர், தமிழ் நன்றாக வரும். ஒட்டு ஒன்றைக் கத்தியால் கிளப்பினார். கீழே தகரமே இல்லை. துருப்பொடி, தண்ணீர். இத்தனை நாள் என் பால்துணிதான் கூரையாக இருந்திருக்கிறது.

"அண்ணே, உள்ள போன தண்ணி காய வழியில்ல. மரத்து மேலயே ஓடி அந்தப் பக்கம் விழுது."

அந்தப் பக்கம் என்றால் செல்வராணி வீடு. விட்டம் சுவரைத் தாண்டி ஓடுகிறது. அவள் வீட்டுக்குள்ளும் போய்த் தட்டிப் பார்த்தார். சுவரோரம் தவிர மற்றதெல்லாம் கணீர்.

"இங்க ஓட்டை இருக்கு, வெயில் படுது, மரம் காயுது. பயமில்ல. ஒங்க வீட்டுல யாரும் படுக்க வேணாம்."

கண்ணில் பட்டும் விட்டவை:
1. மழை நின்று மூன்று நாளானாலும் மூலையில் பூஞ்சண வாடை.
2. பாயில் தினமும் மரத்தூள். எலி என்று நினைத்தேன்.
3. கதவு மேல்பக்கம் உரசுவது. கதவைச் சீவினேன், மடையன்.
4. செல்வராணி சொன்னது.

சாயங்காலம் அவளிடம் போய் மகஜரைக் கேட்டேன். பேனா எழுதவில்லை. அவளே வேறொன்று தேடித் தந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. என் தண்ணியத்தான் நீ வாளி வாளியா ஊத்தியிருக்க."

"அது கெடக்கட்டும். புள்ளைய எங்க படுக்க வைக்கப் போறீங்க?"

கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"இங்க கொண்டாங்க."

"தீட்டு வீடாயிருமேம்மா."

"சாமி படமே நனைஞ்சு கெடக்கு. தீட்டாவது ஒண்ணாவது."

வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் இருக்கிறது.

மே 24, ஞாயிறு

பெண் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். வெற்றிலை வாங்கும் சாக்கில் வெளியே வந்து அழுதேன். மூக்கு பாக்கியத்தின் மூக்கு. பாவம், வளர வளரச் சரியாகிவிடும்.

மே 26, செவ்வாய்

மழை. துரை மகஜரை வாங்கிக்கொண்டார். எப்போது மாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. எனக்குப் படுக்கை கோவில் மண்டபத்தில்.

பகல் கவிதா வந்தாள். நேராகச் செல்வராணி வீட்டுக்கு. செல்வராணி கட்டிலை ஓரம் தள்ளி நடுவில் தொட்டில் கட்டி வைத்திருந்தாள். நான் அதே அரிசிப் பையைப் போட்டு ஆட்டினேன், ஆட்டினேன்.

"போதும்ணே, அரிசிக்குத் தல சுத்தப் போகுது."

தொட்டிலைச் சுற்றி மூன்று வாளி, ஒரு சட்டி. சொட்டு விழும் இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளை மேல் ஒன்றும் விழவில்லை. டொக் டொக் என்கிறது, அது பாட்டுக்குத் தூங்குகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் என் வீடு. பூட்டியிருக்கிறது. போய்ப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை.