புள்ளக்காம்பராவில் நின்ற பால்

இன்று காலை புள்ளக்காம்பராவில் புதிய பால்மா டின்னைத் திறந்தார்கள். அந்த வாசனை வந்ததும் உன் முறைப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. டின்னின் மேல் அதே வெளிநாட்டுக் கொடி. மறுபடியும் கொடுக்கிறார்களாம். எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லையடி.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் இந்தப் புள்ளக்காம்பராவில் விட்டுப்போகும் பிள்ளைகளை அப்போது நீதான் பார்த்துக்கொண்டாய். நான் ஹட்டனில் வெளிநாட்டு உதவி கொடுக்கும் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரரை உன்னிடம் கூட்டிவந்தேன். கொழும்பில் தேர்தலைத் தள்ளிப்போடுகிறார்கள், அரசாங்கத்துக்குப் புத்தி வரும்வரை உதவியை நிறுத்துகிறோம், எல்லாம் உங்கள் ஜனநாயகத்துக்காகத்தான் என்றார் அவர். நான் தமிழில் சொன்னேன். நீ இடுப்பிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாய்.

"தேர்தல நிறுத்துனவங்க வீட்டுப் புள்ளைங்களா இங்க பால் குடிக்குது? கேளு புள்ள."

கேட்டேன். வருத்தம்தான், ஆனால் அதுதான் கொள்கை என்றார்.

"நம்ம அப்பாமாருக்கு வோட்டே இல்லாம வச்சிருந்தாங்களே, அப்ப இவங்க நம்ம தேத்தண்ணிய குடிக்காம இருந்தாங்களா? அதையும் கேளு."

அதையும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அவர் சிரித்தார். நீ கொடுத்த தேநீர் மிகவும் அருமை என்றார்.

வோட்டு உனக்குச் சின்ன விஷயமில்லை. வோட்டுப் போடும் நாளில் லயத்து வரிசை வீடுகளில் முதல் ஆளாகக் குளித்து, நல்ல சேலை கட்டி நிற்பவள் நீ. அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளைகளின் கோப்பையைப் பிடுங்கியதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "நமக்காகன்னு சொல்லிக்கிட்டு நம்மகிட்டருந்தே எடுக்கிறவன நம்பாத" என்றாய். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

மறுநாள், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை விட வந்தவர்களிடம் ஒரு காலி டின்னை நீட்டினாய். "வீட்டுல இருக்கிறதுல ஒரு கரண்டி போடுங்க." சிலர் பால்மா போட்டார்கள், சிலர் குரக்கன் மா. ஒன்றும் இல்லாதவள் தலையைக் குனிந்துகொண்டு போனால் நீ வேறுபக்கம் பார்த்தாய். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு தூங்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "டின்னுல இருக்கா?" என்றுதான் என்னைக் கேட்டாய்.

இன்று கொடியும் பிள்ளைகளும் தெரியும்படி படம் பிடித்துக்கொண்டு போனார்கள். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண், "இனி இது எதுக்குங்க?" என்று உன் பழைய டின்னைக் குப்பைக்கு எடுத்துப்போனாள். நான் பிடுங்கிக் கழுவி வாசலிலேயே வைத்துவிட்டேன்.

அவர்களுக்கு மறுபடியும் எப்போது நம்மேல் அக்கறை வருமோ, யார் கண்டது. நாளைக்கும் எல்லோரும் ஒரு கரண்டி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் கரண்டியை நான் போட்டுவிட்டேன்.