கண்ணாடித் தட்டு

அப்பா,

இன்று மாலை அம்மா உங்கள் கண்ணாடித் தட்டைக் கழுவித் துடைத்து, பழைய துண்டில் சுற்றி வைத்தாள். நாளைக் காலையில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்கப் போகிறாளாம். அந்த அக்காவின் கணவருக்கும் ஈரலில், உங்களுக்கு வந்ததே வந்திருக்கிறது. "இதுல காளான் போட்டுக் குடு. எங்கூட்டுக்காரரு கொஞ்ச நாள் தெம்பாத்தான் இருந்தாரு" என்று அம்மா வாசலில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அம்மா தூங்குகிறாள். நீங்கள் படித்தது தமிழ் மட்டும்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன்.

கன்னடப் பேப்பரை உங்களுக்கு நான்தான் படித்துச் சொல்வேன். அன்று விஜயநகர் டீக்கடையில் அந்தச் செய்தியைப் பார்த்தோம். மருந்துக் காளானின் சத்து பட்டு ஈரல் கேன்சர் செல்கள் செத்தன, ‘காஜின தட்டெ’யில் என்று போட்டிருந்தது.

"அணபெயக் கண்ணாடித் தட்டுல வெச்சுக் குடுத்தாங்களாம்ப்பா. கேன்சர் செத்துப்போச்சாம்."

"அணபென்னா நம்ம காளான்தானே கண்ணு? அட, மழை பேஞ்சா நம்மூரு ஹனூர்ல சும்மா மொளைக்குமே!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தீர்கள். "அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டீர்கள். இன்னும் நிறைய ஆராய வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றேன்.

வரும் வழியிலேயே தட்டும் ஒரு பாக்கெட் காளானும் வாங்கினோம். நம் வீட்டில் மற்றதெல்லாம் எவர்சில்வர். "மகாராசாகூட இப்படித் தின்னிருக்க மாட்டாரு, பாத்துக்க" என்று அம்மாவை வம்புக்கு இழுப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தபோது, "இந்த வாட்டி வேண்டாம். பாப்பா படிச்சுச் சொன்னதைப் பாப்போம்" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமைதான் அதிகம் குத்துகிறது.

நீங்கள் போன பிறகு, பள்ளி ஆய்வகத்தில் டீச்சர் உள்ளங்கை அளவில், மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினார். அதே சொல், காஜின தட்டெ. அதில்தான் செல்களை வளர்த்து மருந்தை விட்டுப் பார்ப்பார்களாம். யாரும் சாப்பிடவில்லை அப்பா. செத்தது தட்டில் இருந்த செல்கள் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா? யாரிடமாவது கேட்டால் நான் செய்ததெல்லாம் தெரிந்துவிடும். அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள்?

தட்டை ஒளித்துவைக்கலாம் என்று எடுத்தேன். ஒளித்தாலும் அம்மா வேறு தட்டு வாங்கிக் கொடுப்பாள். திரும்ப வைத்துவிட்டேன்.

அன்று நான் படிக்காமல் விட்டது இன்னும் ஒரு வரி இருக்கிறது அப்பா. காலையில், அந்த அக்கா கை நீட்டுவதற்குள், அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்லப் போகிறேன்.