எழுத்துள்ள பக்கம் மேலே

நிறமே இல்லை, கண்ணு. புகை என்ன நிறம் என்று எழுதிக் கேட்டிருந்தாயே, அதற்கு இதுதான் பதில். சைலன்சர் வாயில் ஒரு தலையணை உறையைப் பிடித்துப் பார்த்தேன், லேசான ஈரம், அவ்வளவுதான். நான் நலம், அப்பா நலம், வேன் எங்கள் இருவரையும்விட நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன கடிதத்தில் வெட்கப்பட்டுப் பாதியை விழுங்கிவிட்டேன். புகை கக்கி நின்றுபோன வேனைச் சனிக்கிழமை பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேன் போனால் மருத்துவமனைப் போர்வைகள் போகும், அவை போனால் நம் சலவைக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால்தான் நீ அனுப்பிய பிஸ்டன் ரிங்குகளை நானே போடுவேன் என்று அடம் பிடித்தேன். ரிங்குகளோடு நீ எழுதி வைத்த தாளில் இருந்தபடி ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வளையம் வெட்டுப்பட்டிருக்கும் வாயின் இடைவெளியை அளந்தேன். பிறகு பிஸ்டனில் மாட்டி, வாய்கள் ஒரே நேராக வராமல், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப்போல ஆளுக்கொரு திசையாகத் திருப்பி வைத்தேன். எண்ணெயும் குறையில்லாமல் விட்டேன். ஸ்டார்ட் செய்ததும் தெரு முழுக்க நீலப் புகை. எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, என்னக்கா கொசு மருந்தா, எங்க கடைக்குள்ளயும் ரெண்டு சுத்து அடிச்சிட்டுப் போங்க என்றார். அப்பா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை. போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். கை தானாக மூலையைத் தேடி, மருத்துவமனையின் மை எழுத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டு மடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தாறு வருஷமாக எழுத்து வெளியே தெரியாமல் மடிக்கிற கை இது. ரிங்கிலும் ஊசிமுனை அளவில் ஓர் எழுத்து இருக்கிறது, அது மேலே பார்க்க வேண்டும் என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். கண் படித்தது. கை படிக்கவில்லை. ஆயிலைக் கீழே வழித்துவிட வேண்டிய இரண்டாவது ரிங், தலைகீழாக இருந்தால் மேலே அல்லவா ஏற்றும், அதுதான் அந்த நீலப் புகை.

மத்தியானமே மறுபடி எல்லாவற்றையும் கழற்ற உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து, தள்ளு, லைட்டை நான் பிடிக்கிறேன் என்றார். மூன்று பிஸ்டனை வெளியே எடுத்தோம், மூன்றிலும் எழுத்து கீழே. தரையில் உட்கார்ந்து சிரித்தேன், நான் அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எவ்ளோ அழகா மூணையும் மடிச்சு வெச்சிருக்கே என்றார். உன் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிங்கும் என் கையிலிருந்து அவர் கண்ணுக்குப் போய், எழுத்தைப் பார்த்து அவர் தலையசைத்த பிறகுதான் பிஸ்டனில் ஏறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டி முடித்தோம்.

சனிக்கிழமை இரும்புக்காரர் கயிற்றோடு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. செத்துப் போச்சுன்னு சொன்னீங்களேண்ணே என்றார். ஆமா, அப்ப செத்துதான் இருந்துச்சு, நீ கயித்தைச் சுருட்டு என்றார் அப்பா. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பழைய ரிங்குகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

பல் வலியைத் தள்ளிப் போடாதே, இந்த வாரமே டாக்டரைப் பார். நீ தொட்டதெல்லாம் முதல் திருப்பிலேயே ஓடட்டும். அப்பா பின்னால் நின்றுகொண்டு, நானும் கேட்டேன்னு எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு சாவியைக் கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எண்பது போர்வைகளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன், இறக்கிவிட்டு வரும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.