கிட்டாருக்கு அகலப் பட்டை

லிபி மக்ளே,

அப்பா விழிஞ்ஞத்துக்கு டூட்டிக்குப் போறேன். மீன்கொழம்ப சூடாக்கிச் சாப்பிடு.

உன் கரண்டு கிட்டாருக்குப் புதுப் பட்டை மாட்டியிருக்கேன். பழசு கயிறு மாதிரி தோள அறுக்குது. துறைமுகத்துல பாரம் தூக்குறவனுக்குத் தெரியாதா, பட்டை அகலமா இருந்தாத்தான் தோள் தாங்கும்னு? நைலான் வழுக்கும், அதான் தோலுல வாங்கினேன்.

மாட்டிக்கிட்டு ஜன்னல்பக்கம் அரை மணிக்கூர் நின்னேன். நாலு கிலோ இருக்கும். ஒரு மாசப் பிள்ளையா நீ என் நெஞ்சுல உறங்கின அதே கனம். ஒரு கம்பியத் தொட்டேன். கரண்டு இல்லாமலே நெஞ்செலும்புக்குள்ள முனங்கிச்சு. வெளிய மழை பெஞ்சதே தெரியல.

நேத்து நீ வாசிச்சத இரைச்சல்னு கத்தினேம்லா, அத மனசுல வைக்காத.

வீட்டப் பூட்டி தாக்கோல பக்கத்து வீட்டு ஜெஸி அக்காகிட்ட குடு.

சொல்ல மறந்துட்டேன்: பட்டை என் உயரத்துக்குக் கிடக்கு, நீ குறைச்சுக்கோ. சாயங்காலம் நான் வந்ததும் திரும்ப நீட்டித் தரணும், கேட்டியா.